அரை டிப்பர் ஜல்லி

“...அதனாலதான் குமரேசன், ஃபோர்மேன் வேலைக்கு டில்லியோட பேரை எழுதிக் குடுத்துட்டேன். வேற யாராவது சொல்லிக் கேக்குறதுக்கு முன்னாடி நானே உங்ககிட்ட சொல்லணும்னுதான் கூப்பிட்டேன்” என்றார் பத்மா மேடம்.

அவருடைய அறையில், மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். காரணத்தை முதலில் சொல்லி, பெயரைக் கடைசியில் சொன்னார். ஆனால் டில்லி என்ற பெயர் காதில் விழுந்ததும் அதற்கு முன்னால் சொன்ன காரணமெல்லாம் அழிந்துவிட்டது. “சோத்துல கல்லு வந்தா, அதுவரைக்கும் தின்ன சோறு மறந்துபோகும்” என்று எங்கள் கேன்டீன் மாஸ்டர் சொல்வார். அப்படித்தான் ஆனது.

அந்தப் பேச்சு எப்படி முடிந்தது என்பதைச் சொல்வதற்கு முன்னால், இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த கம்பெனியில் பழைய கரி உலையை எடுத்துவிட்டு மின்சார உலை வைக்கிறார்கள். உலையின் பக்கத்தில் போகாமலே கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து திரையைப் பார்த்து ஓட்டலாமாம். அங்கே இப்போது வேலை செய்கிற மூன்று பேர் சேக்காட்டில் என் வீட்டுக்கு வந்தார்கள். கைப்பேசியில் ஒரு எரிமலை வீடியோவைக் காட்டி, “சார், இதுவும் நம்ம உலையும் ஒண்ணுன்னு சொல்றாங்களே, கம்பெனி பூஜை மலருக்கு எழுதித் தாங்க” என்றார்கள். சந்தோஷமாக இருந்தது. காபி கொடுத்தேன். காபி குடித்துவிட்டு ஒருவர் சொன்னார்: “மொதல்ல டில்லி சார் ஊட்டுக்குத்தான் போனோம். அவருதான் உங்களைக் கைகாட்டினாரு.”

காபியைத் திருப்பி வாங்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனியில் கல்லை உருக்கிப் பஞ்சாக்குவோம். பாய்லருக்கும் நீராவிக் குழாய்களுக்கும் சூடு வெளியே போகாமல் போர்த்துகிறார்களே, அந்தக் கல்லுப்பஞ்சு. பாடி பாலத்தைத் தாண்டி லாரியில் கருப்புக்கல் வரும். மூன்று மாடி உயரத்துக்கு நெட்டையாக ஒரு இரும்பு உலை. மேலிருந்து ஒரு அடுக்கு கரி, ஒரு அடுக்கு கல், கூடவே கொஞ்சம் டோலமைட் என்கிற சுண்ணாம்பு வகைக் கல், மறுபடி கரி, மறுபடி கல் என்று போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கீழே சுற்றிலும் காற்றுக் குழாய்கள். அவற்றில் ப்ளோயர் இயந்திரம் காற்று ஊதும். அடியில் ஒரு வாய். அந்த வாய் வழியாகக் கல்குழம்பு வெள்ளை கலந்த மஞ்சளில் வழிந்து வந்து, வேகமாகச் சுற்றுகிற சக்கரங்களின் மேல் விழும். விழுந்தது பஞ்சுமிட்டாய் போல இழை இழையாகப் பறக்கும்.

நான் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். அப்பா ராணுவத் தொழிற்சாலையில் ஃபிட்டர். வேலூர்ப் பக்கத்திலிருந்து அந்த வேலைக்காகவே வந்தவர். எனக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. இரண்டு தடவை பரீட்சை எழுதினேன், இரண்டு தடவையும் இல்லை. அப்பா என்னிடம் ஒன்றும் சொல்ல மாட்டார். பக்கத்து வீட்டாரிடம் சொல்வார்: “நான் டாங்கி செஞ்சேன். பையன் கல்லு காய்ச்சுறான்.” கல்லு காய்ச்சுகிற கம்பெனியில் நான் சேர்ந்த அதே வாரம் சேர்ந்தவன்தான் டில்லிபாபு. முத்தாபுதுப்பேட்டைக்காரன். ஏரிக்குக் கீழே அவர்களுக்கு நிலம் இருந்தது. அண்ணன் தம்பிகளில் ஒருவர் பயிர் பார்த்தார், ஒருவர் ஆட்டோ ஓட்டினார், இவன் உலைக்கு வந்தான். இருவரும் கல் சுமந்து, கரி தள்ளி, சக்கரம் துடைத்து, ஐந்தாறு வருஷத்தில் உலை வாய்க்கு வந்து சேர்ந்தோம். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கை காய்த்தது, அவ்வளவுதான்.

வாய்க்கு வந்தவன் கற்க வேண்டியது பதம் பார்ப்பது. நீளமான இரும்புக் கம்பியை வழிகிற குழம்பில் தொட்டு வெளியே இழுக்க வேண்டும். குழம்பு நன்றாக இருந்தால் சிறிதாக இழுத்துச் சட்டென்று சொட்டிவிடும். கெட்டியாக இருந்தால் கம்பிப் பாகு மாதிரி நூலாக நீண்டுகொண்டே வரும். நூல் நீண்டால் சக்கரத்தில் பஞ்சு வராது, கண்ணாடி மணிகள்தான் தெறிக்கும். அதிகமாகத் தண்ணீராக ஓடினாலும் பஞ்சு நிற்காது. எனக்கு இதில் நல்ல கண். டில்லிக்கும் நல்ல கண். அதுதான் பிரச்சினை.

இதற்கு நடுவில்தான் பத்மா மேடம் வந்தார். நிலவியல் படித்தவர். எங்கள் இருவரையும்விட இரண்டு மூன்று வயது இளையவர். உலைக்கும் லேபுக்கும் சேர்த்துப் பொறுப்பு. சத்தம் போட மாட்டார். ஏதாவது தவறு நடந்தால் ‘ஏன் பண்ணீங்க’ என்று கேட்க மாட்டார். “என்ன நடந்தது, வரிசையா சொல்லுங்க” என்பார். நாம் நடுவில் எதையாவது விழுங்கினால், “அப்புறம்?” என்பார். விழுங்கியது வெளியே வரும்வரை அப்புறம், அப்புறம். கணக்குப் போட வேண்டுமென்றால் காகிதம் தேட மாட்டார். தரையிலேயே குந்தி உட்கார்ந்து சாக்பீஸால் எழுதுவார். “இந்தம்மா கோலம் போட்டா உலை நேராவும்” என்று டில்லி சொல்வான். அதைக் கேட்டு அவர் சிரிப்பார். நான் சொல்கிற எதற்கும் அவர் ‘சரி’ என்பார். டில்லி சொன்னால் சிரிப்பார். சரிக்கும் சிரிப்புக்கும் உள்ள வித்தியாசம் கூட நின்று வேலை செய்தவனுக்குத்தான் தெரியும்.

ஒரு நாள் கேன்டீனில் மேடம் ஒரு பத்திரிகைப் படத்தை மேஜைமேல் விரித்தார். ஒரு பக்கம் எரிமலைக் குழம்பு ஆறாக ஓடுகிறது, ஊர்ச் சனம் நின்று வேடிக்கை பார்க்கிறது. இன்னொரு பக்கம் ஒரு மலையின் தலையே பறந்து, வானம் முழுக்கச் சாம்பல்.

“ரெண்டும் எரிமலைதான். ஒண்ணு ஏன் ஓடுது, இன்னொண்ணு ஏன் வெடிக்குது?” என்று கேட்டார்.

அவரே சொன்னார். பாறையில் சிலிக்கா என்று ஒன்று இருக்கிறது, மணலில் இருப்பதுதான். உருகின குழம்பில் சிலிக்காத் துகள்கள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்ளும். சிலிக்கா அதிகமாக இருந்தால் எல்லாம் கைகோத்து ஒரு வலை மாதிரி ஆகிவிடும், குழம்பு நகராது. சுண்ணாம்பு, மக்னீசியம், இரும்பு, சோடா இதெல்லாம் நடுவில் புகுந்து கையைப் பிரித்துவிடும், குழம்பு ஓடும். நம் கருப்புக்கல்லில் சிலிக்கா குறைவு, இரும்பும் சுண்ணாம்பும் அதிகம். ஓடுகிற எரிமலையில் வருவது கிட்டத்தட்ட நம் கல்தான். தலை பறக்கிற மலையில் வருவது சிலிக்கா நிறைந்த வெளிர்கல்.

“ஆனா கெட்டியா இருந்தா மட்டும் வெடிக்காது. உள்ள காத்தும் ஆவியும் மாட்டிக்கணும். வெளிய போக வழி இல்லாம...” என்று அவர் கைகளை விரித்தபோது, டில்லி வாயில் வடையோடு சொன்னான்:

“அட, கூழு மேரி! ரசம் கொதிச்சா குமிழி தானா மேல வந்து பூடும், ஒண்ணியும் ஆவாது. கூழு கொதிச்சா பொளக்குனு தெறிச்சு கைய சுட்டுரும். ஆடி மாசம் எங்க ஊடு பக்கம் வந்து பாரு மேடம், அம்மன் கோயில்ல கூழு காச்சுற பொம்பளைங்க கையில அல்லாம் எரிமலைதான்.”

மேடம் மேஜையைத் தட்டினார். “இதைவிட நல்லா என் புரொஃபசர்கூடச் சொன்னதில்லை!”

சத்தியமாகச் சொல்கிறேன், அதே நொடியில் களி என்ற வார்த்தை என் நாக்கு நுனியில் இருந்தது. எங்கள் பக்கம் கூழைவிடக் களிதான் அதிகம், களி இன்னும் நன்றாகத் தெறிக்கும். என் வாயில் வடை இல்லை, ஆனாலும் அவன் முந்திக்கொண்டான். அன்றிலிருந்து புதிதாகச் சேருகிறவர், பார்க்க வருகிற பெரிய அதிகாரி, யாராக இருந்தாலும் மேடம், “டில்லி ஒரு கூழு உதாரணம் சொல்வாரு” என்று ஆரம்பித்துவிடுவார். “பந்தியில முந்திக்கோ, படையில பிந்திக்கோ” என்பார்கள். டில்லி இரண்டிலும் முந்தினான்.

அந்த எரிச்சலில்தான் நான் படிக்க ஆரம்பித்தேன். ஆவடி மார்க்கெட் பக்கம் பழைய புத்தகக் கடையில் பாறைகளைப் பற்றி ஒரு தடிப் புத்தகம் கிடைத்தது. ஆங்கிலம். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம், பக்கத்தில் அகராதி. பொறாமையைப் போல ஒரு வாத்தியார் கிடையாது. சம்பளம் கேட்காது, லீவும் விடாது. படித்ததில் ஒரு சந்தேகம் பிடித்தது. பூமிக்குள்ளே குழம்பில் தண்ணீர் கரைந்திருக்குமாம். அந்தத் தண்ணீரும் சிலிக்காவின் கையைப் பிரித்துக் குழம்பை இளக்குமாம். மேடத்திடம் போய், “தண்ணி இளக்குதுன்னா, தண்ணி இருக்கிற எரிமலைதான் அதிகமா வெடிக்குதுன்னும் போட்டிருக்கே, எப்படி?” என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “ரொம்ப நல்ல கேள்வி குமரேசன்.” தரையில் குந்தி உட்கார்ந்து வரைந்தே காட்டினார். ஆழத்தில் அழுத்தம் அதிகம், தண்ணீர் கரைந்து கிடக்கும், குழம்பு இளகியிருக்கும். மேலே ஏற ஏற அழுத்தம் குறையும், தண்ணீர் ஆவியாகிக் குமிழியாகப் பிரியும். பிரிந்ததும் மிச்சக் குழம்பு கெட்டிப்படும். குமிழி வெளியே போக வேண்டிய அதே நேரத்தில் கதவு இறுகிவிடும்.

நான் கேட்ட கேள்விக்கு எனக்காகவே வரைந்த படம். பக்கத்தில் டில்லி வந்து எட்டிப் பார்த்தான். “கோலி சோடாவா மேடம்? குண்டைத் தட்டுனா நுரை பொங்குமே, அதானே?”

மேடம் சிரித்தார். நான் சாக்பீஸ் படத்தைச் செருப்புக் காலால் மிதித்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

ஃபோர்மேனாக இருந்தவர் ஓய்வு பெறப்போகிறார் என்று தெரிந்தபோது பேச்சு முழுக்க எங்கள் இருவரைப் பற்றித்தான். ஃபோர்மேனுக்கு வெள்ளைத் தொப்பி, உலையைப் பார்த்தபடி ஒரு சின்ன அறை, வாசலில் பெயர்ப் பலகை. எனக்கு அறைகூட வேண்டாம். அந்தப் பலகையை அப்பாவைக் கூட்டிவந்து காட்ட வேண்டும். கல்லு காய்ச்சுறான் என்ற வார்த்தையை அவர் வாயாலேயே மாற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு அப்போதே இருமல் அதிகமாகிவிட்டிருந்தது. அடுத்த ஃபோர்மேன் வரைக்கும் காத்திருக்க அவருக்குக் காலம் இருக்காது என்று எனக்குத் தெரியும்.

இந்த நிலையில் ஆயுத பூஜை வந்தது.

பூஜைக்கு உலையை அணைத்து, உள்செங்கல் பழுது பார்த்து, விஜயதசமியன்று புதிதாக மூட்டுவது எங்கள் வழக்கம். பூஜை நாளில் ஆளுக்கு ஒரு பகுதியைக் கழுவித் துடைக்க வேண்டும். எனக்குச் சக்கரங்கள். டில்லிக்குக் கருப்புக்கல்லைக் குவித்து வைக்கிற கல் முற்றம். அந்த வருஷம் மழை முன்னாலேயே பெய்து முற்றம் சேறாகி, லாரி புதையாமல் இருக்க ஜல்லி கொட்டியிருந்தார்கள். வீடு கட்டுகிற சாதாரண ஜல்லி. அது முற்றம் முழுக்க இறைந்து கிடந்தது. டில்லி தன் ஆட்களை வைத்து அதைப் பெருக்கிக் குவித்தான். முற்றம் கல்யாண வீட்டு வாசல் மாதிரி ஆனது. குங்குமம், வாழைக்கன்று, பூசணிக்காய், பொரி கடலை எல்லாம் முடிந்தது. மேடம் முற்றத்தைப் பார்த்துவிட்டு, “டில்லி, பிரமாதம்” என்றார். என் சக்கரங்களில் முகம் பார்க்கலாம். அதை யாரும் பார்க்கவில்லை.

விஜயதசமி காலையில் உலை மூட்டினோம். குழம்பு வர ஆரம்பித்ததும் முதல் பதம் என்னுடையது. கம்பியைத் தொட்டு இழுத்தேன். நூல் வந்தது. வந்துகொண்டே இருந்தது. ஜவ்வு மிட்டாய்க்காரர் பொம்மைத் தலையிலிருந்து இழுப்பாரே, அப்படி. சக்கரத்தில் பஞ்சுக்குப் பதிலாக மணி தெறித்துத் தகரத்தில் சடசடவென்று அடித்தது. கொஞ்ச நேரத்தில் கை கனத்துக்கு வழிந்தது விரல் கனத்துக்கு வந்து, பிறகு மெழுகுவத்திச் சொட்டு மாதிரி நின்றே போனது.

வாய் அடைத்தால் கடப்பாரையால் குத்தித் திறப்போம், அது தினப்படி வேலை. ஆனால் இது வாயில் அடைத்த அடைப்பு இல்லை. மேலே போட்ட கல்லும் கரியும் கீழே இறங்கவில்லை. நடுவில் எங்கோ குழம்பு பாலம் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் தாங்கி நின்றது. காற்று அழுத்தம் காட்டுகிற முள் ஏறிக்கொண்டே போனது. உலையின் வயிற்றிலிருந்து ‘தும்... தும்...’ என்று ஒரு சத்தம். மேலே எரிய வேண்டிய தீ அவிந்துவிட்டது.

“காத்தைக் கூட்டலாமா மேடம்? சூடு ஏறினா இளகும்” என்றேன்.

“இளகும். அதுக்குள்ள வெடிச்சிடும். உள்ள போற காத்து வெளிய வர வழியே இல்ல, பாருங்க” என்று முள்ளைக் காட்டினார். “ப்ளோயரை நிறுத்துங்க. நிறுத்தின உடனே காத்துக் குழாய் மூடி எல்லாத்தையும் திறங்க. பக்கவாட்டுல நின்னு திறங்க, நேரா நிக்காதீங்க.”

ஊதுவதை நிறுத்திவிட்டு மூடியைத் திறக்காமல் விட்டால், கரி அரைகுறையாக எரிந்து உள்ளே சேர்ந்திருக்கிற விஷவாயு குழாய் வழியாகத் திரும்பி ப்ளோயருக்குள் போய் அங்கே வெடிக்கும். அந்த வாயுவுக்கு வாசனையும் கிடையாது, மயக்கம் வந்த பிறகுதான் தெரியும். ஒவ்வொரு மூடியாகத் திறந்தோம். ஒவ்வொன்றிலிருந்தும் நீலத் தீ ஒரு முழம் நீண்டு அடங்கியது.

“உள்ள என்ன போயிருக்கு? நம்ம கல்லு இப்படி இழுக்காது” என்றார் மேடம். லேபுக்கு அனுப்பினால் பதில் வர மதியம் ஆகும். நான் யாரும் சொல்லாமலே கல் முற்றத்துக்கு ஓடினேன். கருப்புக்கல் குவியலைப் பார்த்தால் எல்லாம் கருப்பாகத்தான் இருந்தது. தூசு. அங்கே இருந்த வாளித் தண்ணீரைக் கிழக்கு ஓரத்தில் வீசினேன். தூசு கழுவியதும் கருப்புக்கு நடுவே சாம்பல் நிறக் கற்கள். ஒன்றை எடுத்து உடைத்தேன். உள்ளே கண்ணாடிக் குருணை மாதிரி மினுங்கியது. ஜல்லி. வெளிர்கல். சிலிக்கா நிறைந்தது.

என் வாழ்க்கையில் அந்த மாதிரி ஒரு சந்தோஷம் அதற்கு முன்னால் வந்ததில்லை. உலை வெடிக்கிற நிலையில் நிற்கிறது, எனக்கு உள்ளே மத்தாப்பு. ஏனென்றால் அது எப்படி அங்கே வந்தது என்பது பார்த்ததுமே விளங்கிவிட்டது. இரண்டு கையிலும் இரண்டு கல்லை ஏந்திக்கொண்டு ஓடிவந்தேன்.

“ஜல்லி மேடம்! பூஜைக்குப் பெருக்கினதை டில்லி ஆளுங்க நம்ம கல்லுல கொட்டியிருக்காங்க!” எல்லோருக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னேன்.

மேடம் கல்லைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. “டில்லியைக் கூப்பிடுங்க.”

டில்லி மேல் தளத்திலிருந்து இறங்கி வந்தான். ஏணியின் கடைசிப் படியில் இருக்கும்போதே என் கையிலிருந்த கல்லைப் பார்த்துவிட்டான். முகம் ஒரு நொடி வெளுத்தது. இப்போது மழுப்புவான், ஆட்கள் மேல் போடுவான் என்று காத்திருந்தேன்.

“நான்தான் கொட்டச் சொன்னேன் மேடம்” என்றான். “பூஜை அன்னிக்கு கூட்டுனத வெளிய கொட்னா லட்சுமி பூடுவான்னு... கல்லுதானே, கல்லோட கல்லா கெடக்கட்டும்னு உள்ள தள்ளிட்டேன்.”

“எவ்வளவு?”

“அர டிப்பர் இருக்கும்.”

“எந்தப் பக்கம்?”

“கெயக்கால. சொவத்த ஒட்டி.”

“இன்னிக்கு எந்தப் பக்கத்திலேர்ந்து எடுத்தீங்க?”

“காத்தாலேர்ந்து அந்தப் பக்கம்தான் மேடம். மேற்கால சேறு. பாதிக்கு மேல உள்ள பூட்ச்சு.”

மேடம் அந்த இடத்திலேயே குந்தி உட்கார்ந்தார். சாக்பீஸ். எவ்வளவு ஜல்லி உள்ளே போயிருக்கிறது, அதன் கையைப் பிரிக்க எவ்வளவு டோலமைட் வேண்டும், எவ்வளவு கரி கூட வேண்டும். தும்... தும்... என்று உலை தலைக்குமேல் இடித்துக்கொண்டிருக்க, அவர் ஒரு எண்ணை அழித்துவிட்டு மறுபடி எழுதினார். பிறகு எழுந்து சொன்னார்: “மேல போடுற டோலமைட் இப்ப இறங்காது. மொதல்ல பாலம் உடையணும். கீழேயிருந்து சோடா குடுப்போம்.”

சலவைச் சோடாவைக் காகிதப் பொட்டலங்களாகக் கட்டினோம். அதைக் காற்றுக் குழாய் வழியாகக் கம்பியால் உள்ளே தள்ள வேண்டும், விலகி நிற்க வேண்டும், மூடியைப் போட்டுக் கொஞ்சம் ஊத வேண்டும், நிறுத்த வேண்டும், திறக்க வேண்டும், அடுத்த பொட்டலம். உலைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் டில்லி. மேடம் முள்ளைப் பார்த்து விரலால் சைகை காட்டினார். அவசரமே இல்லை அவரிடம். ஒவ்வொரு தடவையும் முள் இறங்கும்வரை காத்திருந்துதான் அடுத்த விரலை நீட்டினார். அந்தப் பக்கம் டில்லி, “இன்னா மாமே, ஜல்லிக்கு சோறு ஊட்டுற மேரி கீது!” என்று கத்தினான்.

எத்தனை பொட்டலம் என்று நினைவில்லை. உலைக்குள் யாரோ மூட்டையைப் போட்ட மாதிரி ஒரு ‘தொம்’. மேலே இருந்த கல்லும் கரியும் ஒரே இறக்கமாக இறங்கின. கீழ் வாய் வழியாகக் குழம்பு ஒரு துப்புத் துப்பியது. டில்லி நின்றிருந்த பக்கம் அவன் சட்டைக் கை பற்றி எரிந்தது. தண்ணீர் ஊற்றி அணைத்தோம். தோல் கொஞ்சம் போனது, அவ்வளவுதான். பிறகு வாயிலிருந்து குழம்பு வழிய ஆரம்பித்தது. முதலில் திக்கித் திக்கி, அப்புறம் ஒழுங்காக. டோலமைட் கலந்த அடுக்குகள் இறங்கியதும் கம்பியை நீட்டிப் பார்த்தேன். சிறிதாக இழுத்துச் சொட்டியது.

அன்று டீக்கு எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். “கொமரேசன் கண்ணு கழுகுக் கண்ணுப்பா” என்றார் கரி தள்ளுகிற ஏழுமலை. “தொப்பி உனுக்குத்தான் நைனா, எழுதி வெச்சுக்கோ.” கையில் கட்டோடு டில்லி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“நீ கண்டுகினதுல தப்பிச்சோம் மாமே” என்றான். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “ஆனா நீயும் ஜல்லிதான்யா. உள்ள எவ்ளோ காத்து கீதுன்னு வெளிய தெரிய மாட்டேங்குது” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன், ஃபோர்மேன் வேலை அநேகமாக எனக்குத்தான் என்று. அப்பா இருமி முடித்துவிட்டு, “போர்டு வெப்பாங்களா?” என்று கேட்டார். வைப்பார்கள் என்றேன்.

அதற்குப் பிறகு சில வாரங்கள் கழித்துத்தான் மேடம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். தொடக்கத்தில் நான் காதில் வாங்காமல் விட்ட காரணத்தை, நான் கேட்டதும் பொறுமையாக மறுபடி சொன்னார்.

“அன்னிக்கு டில்லி எவ்வளவு, எங்க, எப்பன்னு மூணையும் கேட்ட உடனே மறைக்காம சொன்னாரு. ஞாபகம் இல்லைன்னு சொல்லியிருந்தா, கொஞ்சம்தான்னு குறைச்சுச் சொல்லியிருந்தா, என் கணக்கு தப்பு. நீங்க ரெண்டு பேரும் குழாய் முன்னாடி நின்னீங்க. உலையில தப்பு நடக்கும் குமரேசன். தப்பை உடனே கொண்டுவந்து கையில குடுக்குற ஆள்தான் எனக்கு அந்த அறையில வேணும். அவர் சொன்னா ஆளுங்களும் சொல்வாங்க.”

“கல்லைக் கண்டுபிடிச்சது நான் மேடம்.”

“ஆமா. நீங்க இல்லைன்னா அன்னிக்கு என்ன ஆகியிருக்கும்னு எனக்குத் தெரியும். மேலிடத்துக்கும் எழுதியிருக்கேன்.”

அவர் சொன்னது எல்லாம் நியாயம். இன்றைக்கும் அதில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடிக்க முயற்சி செய்துகொண்டுதான் இருக்கிறேன், கிடைக்கவில்லை. நியாயமாக இருப்பதுதான் தாங்க முடியவில்லை. அநியாயமாக இருந்தால் நாலு பேரிடம் சொல்லி ஆற்றிக்கொள்ளலாம். கொட்டினவனுக்குத் தொப்பி, கண்டவனுக்கு டீ. கூழு அவனுடையது, கோலி சோடா அவனுடையது, சிரிப்பு அவனுடையது, தப்பும் அவனுடையது, அந்தத் தப்பிலிருந்துகூட அவனுக்கு ஒரு பெயர்ப் பலகை முளைக்கிறது. அப்பா, ‘போர்டு வெச்சாச்சா’ என்று தினமும் கேட்கிறார். இதெல்லாம் நெஞ்சு வரைக்கும் வந்தது.

“சரி மேடம்” என்றேன்.

“அப்புறம்?”

“ஒண்ணுமில்ல மேடம்.”

“அப்புறம்?”

“ஒண்ணுமில்லைன்னு சொல்றேனே.”

அவர் என் முகத்தைப் பார்த்தார், அன்று முள்ளைப் பார்த்த மாதிரி. பிறகு எழுந்தார். “வாங்க” என்று மட்டும் சொல்லி, முற்றத்தைக் கடந்து என்னை ப்ளோயர் ஓடுகிற அறைக்கு அழைத்துப் போனார். அந்த அறைக்குள் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் ஏறாது. இரைச்சல் பல்லைக் கூச வைக்கும். மேடம் என் காதோரம் குனிந்து, தொண்டை புடைக்கக் கத்தினார்: “இங்க சொல்லுங்க! எல்லாத்தையும்! என்னையும் சேர்த்துத் திட்டுங்க! யாருக்கும் கேக்காது!”

பிறகு சட்டைப் பையிலிருந்து பஞ்சு (எங்கள் கம்பெனிப் பஞ்சல்ல, மருந்துக்கடைப் பஞ்சு) இரண்டு உருண்டை எடுத்து இரண்டு காதிலும் திணித்துக்கொண்டு, வேறு யாரும் உள்ளே வந்துவிடாமல் வாசலை மறித்தபடி, எனக்கு முதுகைக் காட்டி நின்றார்.